உன் தோளுக்கு ஏற்ற துப்பாக்கி

அன்புள்ள அம்முவுக்கு,

"ஒரு ஷாட்கன் வாங்கி வைத்துக்கொள்ளலாமா அம்மா?" என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டாய். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதி அனுப்புகிறேன். கடைக்குப் போகும்போது கையில் வைத்துக்கொள்.

நீ கேட்டதில் தப்பே இல்லை. டெக்சாஸின் ஆல்பைனில் இருந்து தெற்கே டெர்லிங்குவா போகும் 118-ஆம் சாலையை விட்டு, மண்பாதையில் உள்ளே தள்ளி இருக்கிறது உன் வீடு. பிரூஸ்டர் கவுண்டி ஒன்றே கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பெரியது. 911 அவசர எண்ணை அழைத்தால் எடுப்பார்கள், ஆனால் ஷெரிஃபின் (கவுண்டி போலீஸ் தலைவரின்) ஆள் அந்த நேரத்தில் எந்த மூலையில் இருப்பாரோ, யார் கண்டது? பசுவுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு நள்ளிரவில் தனியாகத் திரும்புகிறவளுக்கு இந்த யோசனை வரத்தான் செய்யும்.

ஊரில் இருந்தவரை நான் பார்த்த ஒரே துப்பாக்கி, பாளையங்கோட்டையில் வங்கி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளியின் இரட்டைக்குழல்தான். இங்கே வந்து, ஹெம்ப்ஸ்டெட் பக்கம் அந்த நிலத்தை வாங்கிய பிறகுதான் கற்றுக்கொண்டேன். காட்டுப்பன்றித் தொல்லை உனக்கும் நினைவிருக்கும். ஒரு கடையில் 12 கேஜ் அளவுள்ள பம்ப் துப்பாக்கி (முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் வகை) ஒன்றை எடுத்துக் கொடுத்து, "எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள், பழகிவிடும்" என்றார்கள். என் உயரம் ஐந்தடி, எடை நூற்றுப் பத்து பவுண்டு. அது பழகவே இல்லை. முதல் நாள் பத்துத் தோட்டா சுட்டேன். தோள் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிவிட்டது. இரண்டு வாரம் வார்டில் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கக்கூட முடியவில்லை. அதைவிட மோசம், அடுத்த முறை விசையில் விரல் பட்டதுமே கண் தானாக மூடிக்கொண்டது. எனக்குத்தான் தைரியம் போதவில்லை என்று நினைத்து ஒரு வருடம் அதைத் தொடாமலே இருந்தேன். பிறகு ஒருநாள் ரேஞ்சில் (சுட்டுப் பழகும் இடத்தில்), என் உயரமே இருந்த ஒரு வயதான அம்மாள் தன்னுடைய 20 கேஜைக் கொடுத்துச் சுடச் சொன்னார். பத்தாவது தோட்டாவுக்குப் பிறகு நானாகவே இன்னும் பத்துக் கேட்டு வாங்கினேன். அவ்வளவு நாளும் குறை என் தோளில் இல்லை, துப்பாக்கியைத் தோளில் வைக்கும் கட்டையில் இருந்திருக்கிறது.

அளவு எடுக்காமல் ரவிக்கைத் துணியில் கத்தரி வைப்போமா? துப்பாக்கிக்கும் அளவு உண்டு. விசையில் இருந்து, தோளில் பதியும் ரப்பரின் நடுப்பகுதி வரை உள்ள தூரத்தை 'லெங்த் ஆஃப் புல்' என்பார்கள். கடையில் இருக்கும் பெரும்பாலான ஷாட்கன்களில் அது 14 அங்குலத்தை ஒட்டி இருக்கும். உன்னைப்போல் ஐந்தடி ஓர் அங்குலம் இருப்பவளுக்கு 12-இல் இருந்து 13 அங்குலத்துக்குள் வேண்டும். ஒன்றிரண்டு அங்குலம்தானே என்று விட்டுவிடாதே. கட்டை நீளமாக இருந்தால் முன்கை முழுக்க நீண்டுபோகும், எடை எல்லாம் முன்னால் தொங்கும், அதைச் சமாளிக்க உடம்பு பின்னால் சாயும். பின்னால் சாய்ந்து நிற்பவளைத் துப்பாக்கி உதைத்தால் தடுமாறத்தான் செய்வாள். தோள்குழியில் பதிய வேண்டிய கட்டை நழுவிப் புஜத்தின் தசைக்கு வந்துவிடும். எனக்கு வந்த வீக்கம் அப்படி வந்ததுதான். பம்ப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு: முன்பிடியைக் கடைசிவரை பின்னால் இழுத்து, கடைசிவரை முன்னால் தள்ள வேண்டும். கை எட்டாதவள் பாதியில் திருப்பிவிடுவாள். அடுத்த தோட்டா உள்ளே ஏறாது.

கடையில் இப்படிப் பார். சேம்பர் (சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் இடம்) காலியா என்று கடைக்காரர் பார்த்திருந்தாலும் நீயும் கண்ணால் பார், விரலால் தொட்டுப் பார். எந்தப் பக்கம் குழலை நீட்டலாம் என்று கேட்டுக்கொள். பிறகு, குளிர்கால ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே தோளில் ஏற்று. ஆல்பைன் நாலாயிரம் அடிக்கு மேல் இருக்கிற ஊர், ஜனவரி இரவில் நீ மெல்லிய பனியனோடு இருக்கப் போவதில்லை. ஜாக்கெட்டின் தடிமனும் கட்டையின் நீளத்தோடு சேரும். கட்டை கழுத்தெலும்பை ஒட்டி, கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார வேண்டும். கன்னம் கட்டையில் படிந்தபோது, மூக்குக்கும் விசைக் கையின் கட்டைவிரலுக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் இடைவெளி இருந்தால் சரி. முன்கை முழங்கையில் மடங்கியே இருக்க வேண்டும். அப்படியே ஒரு நிமிடம் பிடித்து நில். கை நடுங்கினால், கட்டையின் கீழ்முனை மார்பில் குத்தினால், கீழே வைத்துவிட்டு வேறொன்றைக் கேள். பெண்களுக்கு இந்தக் கீழ்முனை குத்துவது ஆண் விற்பனையாளர்களுக்குத் தோன்றவே தோன்றாது. நீயாகத்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது கேஜ். குழலின் உள்விட்டத்துக்குச் சரியாக உருட்டிய ஈயக் குண்டு எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு ஆகிறதோ அதுதான் கேஜ் கணக்கு. அதனால்தான் எண் கூடக் கூடக் குழல் சிறியது. 12 கேஜ் ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர், 20 கேஜ் 15.6. உனக்கு 20 போதும். "20 எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. 20 கேஜில் மூன்றாம் எண் பக்ஷாட் (பெரிய குண்டுகள் நிரப்பிய) தோட்டா ஒன்றில், கால் அங்குல விட்டமுள்ள இருபது ஈயக் குண்டுகள் இருக்கும். ஒரு வீட்டுக்குள் இருக்கும் தூரத்தில் அது என்ன செய்யும் என்று அவசரப் பிரிவில் வேலை பார்த்த எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

இன்னும் சிறியதாக 410 இருக்கிறதே என்பார்கள் (இது கேஜ் எண் இல்லை, குழலின் விட்டம்: 0.410 அங்குலம்). குண்டுகள் குறைவு. அந்தத் துப்பாக்கியும் பெரும்பாலும் இறகுபோல் லேசாக இருப்பதால் நினைத்த அளவுக்கு உதை குறையாது. இதைக் கவனமாகப் புரிந்துகொள்: ஒரே தோட்டாவை லேசான துப்பாக்கியில் போட்டால் உதை அதிகம், கனமானதில் போட்டால் குறைவு. சிறிய பெண்ணுக்கு லேசானதுதான் நல்லது என்று கையில் திணிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஆறு, ஆறரை பவுண்டு இருக்கும் 20 கேஜ் உனக்குச் சரியாக இருக்கும். தோளில் வைக்கக் கட்டையே இல்லாமல் கைப்பிடி மட்டும் வைத்த குட்டைத் துப்பாக்கியைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடு. குறி பார்க்கவும் முடியாது, உதை முழுக்க மணிக்கட்டில் இறங்கும். நீ கால்நடை மருத்துவர், மணிக்கட்டை வைத்துத்தான் உன் பிழைப்பே.

பெயர் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் மோஸ்பெர்க் 500-இன் 20 கேஜ் யூத் சூப்பர் பான்டம் மாடலை முதலில் பார். அதன் கட்டைக்குள் வைக்கும் தகடுகளால் 12-இல் இருந்து 13 அங்குலம் வரை நீளத்தை மாற்றிக்கொள்ளலாம். அதைவிட எனக்குப் பிடித்தது, சேஃப்டி (விசையைப் பூட்டி வைக்கும் பொத்தான்) மேலே, கட்டைவிரலுக்கு நேராக இருப்பது. நீ இடதுகைக்காரி. ரெமிங்டன் 870 நல்ல துப்பாக்கிதான். ஆனால் அதில் சேஃப்டி விசைக்குப் பின்னால், குறுக்காக அழுத்தும் பொத்தான். அதை வலதுகைக்காரர்களுக்காக அமைத்திருக்கிறார்கள். வாயுவில் இயங்கி அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோ இன்னும் மென்மையாகச் சுடும், பாதியில் திருப்பிவிடும் சிக்கலும் இல்லை. விலை கூடுதல், சில வகை மென்மையான தோட்டாக்களை ஏற்றாமல் முரண்டும் பிடிக்கும். பணம் இருந்தால் யோசி, அவசரமில்லை. ஒன்று மட்டும், குழலை நீயோ தெரிந்தவரோ அறுத்துக் குட்டையாக்கக் கூடாது. 18 அங்குலத்துக்குக் கீழே போனால், அல்லது மொத்த நீளம் 26-க்குக் கீழே போனால், முன்கூட்டியே பதிவு செய்யாமல் அப்படிச் செய்வது 1934-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்தின்படி குற்றம்.

தோட்டாவில் பேர்ட்ஷாட் (பொடிக் குண்டுகள்) வேண்டாம். அது புறாவுக்கு. பக்ஷாட் உங்கள் வீட்டு ஜிப்சம் சுவரைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகும். அங்கே உன்னோடு தங்கியிருக்கும் கோவைப் பெண் தூங்குகிறாள். ஷாட்கன் என்றால் அறை முழுக்கப் பரவும், குறி பார்க்கவே வேண்டாம் என்பது பொய். வீட்டுக்குள் இருக்கும் தூரத்தில் குண்டுகள் உள்ளங்கை அளவுக்குத்தான் விரியும். ரேஞ்சில் காகிதத்தில் சுட்டு நீயே பார்த்துக்கொள். அப்புறம், அப்பா செப்டம்பரில் புறா வேட்டைக்கு வரும்போது அவருடைய 12 கேஜ் தோட்டாக்கள் உன் வீட்டுக்குள் வரக் கூடாது. 20 கேஜ் தோட்டாவை மஞ்சளாகச் செய்வதே அதற்காகத்தான். தவறி 12-க்குள் போட்டால் அது குழலுக்குள் நழுவி மாட்டிக்கொள்ளும். தெரியாமல் பின்னால் இன்னொன்றை ஏற்றிச் சுட்டால் குழல் வெடிக்கும்.

சட்டம் சுருக்கமாக. டெக்சாஸில் ஷாட்கன் வாங்கப் பெர்மிட் வேண்டாம். கடையில் 4473 படிவம் நிரப்பினால் பின்னணிச் சரிபார்ப்பு செய்வார்கள். ஆனால் அந்தக் கோவைப் பெண் சல் ராஸ் பல்கலைக்கழகத்தில் படிக்க எஃப்-1 மாணவர் விசாவில் வந்தவள். வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர, அப்படிப்பட்ட விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிக் குற்றம். விளையாட்டுக்குக்கூட அவள் கையில் கொடுக்காதே. துப்பாக்கிப் பெட்டியின் பூட்டு எண் உனக்கு மட்டுமே தெரிய வேண்டும். அவள் எதிர்காலமே அதில் இருக்கிறது. பக்கத்துப் பண்ணைக் குழந்தைகள் ஆட்டுக்குட்டி பார்க்க வந்துபோகிறார்கள் என்று சொன்னாய். பதினேழு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு எட்டும்படி குண்டு ஏற்றிய துப்பாக்கியை விட்டுவைத்து, அது அந்தப் பிள்ளை கையில் கிடைத்துவிட்டால் அதுவும் இங்கே குற்றம். கட்டிலோடு போல்ட் செய்து மாட்டும், விரலால் எண் அழுத்தித் திறக்கும் பெட்டி ஒன்றைத் துப்பாக்கியோடு சேர்த்தே வாங்கு. மேகசினில் (தோட்டாக்களைச் சேர்த்து வைக்கும் குழாயில்) தோட்டா இருக்கலாம், சேம்பர் காலியாகவே இருக்க வேண்டும். ஷாட்கன் கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும்.

சத்தம் கேட்டால் வீடு முழுக்கத் தேடிக்கொண்டு போகாதே. அந்தக் கோவைப் பெண்ணை உன் அறைக்குள் இழுத்துக்கொள், கதவைச் சாத்து, கட்டிலுக்குப் பின்னால் போ, 911-ஐ அழை, "போலீஸ் வருகிறது, வெளியே போ" என்று கத்து. விளக்கைப் போடாமல், முகம் பார்க்காமல் விசையில் விரல் வைக்காதே. முன்பிடியில் ஒரு டார்ச் பொருத்திக்கொள். ஆனால் ஆளைப் பார்ப்பதற்காகக் குழலை நீட்டக் கூடாது, அறை விளக்கின் ஸ்விட்ச்தான் முதலில்.

இன்னொன்று சொல்ல வேண்டும். எழுதவே கை வரவில்லை. இந்த நாட்டில் பெண் கால்நடை மருத்துவர்களிடையே தற்கொலை மற்றவர்களைவிட அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. போன பிப்ரவரியில் ஒரே வாரத்தில் நாலு குதிரைகளுக்கு ஊசி போட்டு முடித்துவிட்டு நீ அழுத குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. மனம் அப்படிக் கனக்கும் நாள் மறுபடி வந்தால், "அம்மா, வந்து எடுத்துக்கொண்டு போ" என்று ஒரு வார்த்தை சொல். நடுராத்திரி என்றாலும் வண்டியை எடுப்பேன், காரணம் கேட்க மாட்டேன். நான் வந்து சேரும்வரை 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழைத்துப் பேசிக்கொண்டிரு.

நான் வரும்வரை எதையும் வாங்காதே, அளவு மட்டும் பார்த்து வை. அடுத்த மாதம் மூன்றாவது வாரம் லீவு போட்டிருக்கிறேன். ஒன்பது மணி நேரம் ஓட்ட வேண்டும், விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவேன். என்னுடைய 20 கேஜைப் பூட்டிய பெட்டியில் கொண்டுவருகிறேன். இரண்டு நாள் நீ அதிலேயே சுட்டுப் பார். முதல் நாள் லேசான தோட்டா, இருபத்தைந்துக்கு மேல் வேண்டாம். காதுக்கு நல்ல மஃப் இரண்டு ஜோடி இருக்கிறது. அதுவரை வாசல் கதவின் பூட்டுத் தகட்டில் இருக்கும் குட்டை ஸ்க்ரூக்களைக் கழற்றிவிட்டு மூன்று அங்குல ஸ்க்ரூ போடு. நிலைக்குப் பின்னால் இருக்கும் மரம்வரை இறங்க வேண்டும். இதற்கு யாரையும் கூப்பிட வேண்டாம், உன்னிடம் இருக்கும் ட்ரில்லே போதும். இந்த வாரமே செய்துவிட்டு எனக்குப் போட்டோ அனுப்பு.

பருப்புப் பொடியும் நாரத்தங்காய் ஊறுகாயும் கட்டி வைத்திருக்கிறேன். வேறு என்ன வேண்டும் என்று சொல்.

அன்புடன்,
அம்மா