பாதுகாப்பான ஏழு பேர்ச் காணி எங்கே? அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மாவட்ட, பிரதேச அதிகாரிகளுக்கும் தோட்ட நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் (பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில்) அண்மையில் நடந்த மண்சரிவு விழிப்புணர்வுக் கூட்டத்தில், "வந்து குடியேறியவர்களின் சனத்தொகை பெருகியதால்தான் மலை தாங்கவில்லை" என்று உங்களில் ஒருவர் பேசினார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க வரிசையாக நிற்கும் பிரட்டுக்களத்தில் அடங்கிப் பழகிய வாய் அப்படித்தான். அதனால் எழுதுகிறேன்.

1946 குடிசன மதிப்பீட்டில் இலங்கையின் சனத்தொகையில், இந்தியத் தமிழர் என்று பதியப்படும் மலையகத் தமிழராகிய நாங்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் அளவில் இருந்தோம். 2012 இல் நான்கு பேர் சொச்சம். சிலர் தங்களை இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டதைக் கழித்துப் பார்த்தாலும் இதைப் பெருக்கம் என்று சொல்ல முடியாது. இந்தியாவோடு செய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் எங்களில் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவின் பங்கு என்று ஒதுக்கியதும் உங்கள் கோப்புகளில் இருக்கும். காட்டை அழித்தது உண்மை. வெட்டிய கை எங்கள் முப்பாட்டன்மாருடையது, வெட்டச் சொன்ன வாய் கோப்பித் துரைமாருடையது. 1869 இல் இலைநோய் வந்து கோப்பி அழிந்ததும் அதே சரிவில் தேயிலையை நட்டார்கள்.

லயத்துக்கு, அதாவது எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் மண்மேட்டைச் செதுக்குகிறோம் என்றும் சொன்னீர்கள். செதுக்குகிறோம்தான். பக்கத்துக் காம்பராவில் (லயத்து அறையில்) எட்டுப் பேர். மூத்த மகனுக்குக் கல்யாணமானதும் இஸ்தோப்பை (முன் விறாந்தையை) அடைத்து அவனுக்குக் கொடுத்தார்கள். இரண்டாமவனுக்குக் கல்யாணமானபோது அடைக்க இஸ்தோப்பு இல்லை. பின்னால் மேட்டை வெட்டி, தகரம் போட்டு, ஒரு அறை எடுத்தார்கள். மழை பிடித்தால் அந்தச் சுவரில் தண்ணீர் கசியும். மருமகள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன் காம்பராவுக்கு வந்துவிடுவாள். அங்கே கால் நீட்ட இடமில்லை, விடியும்வரை உட்கார்ந்தே இருப்பாள். காலையில் கொழுந்துக்குப் போக வேண்டும், அன்றைய வேலைப் பதிவில் பெயர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. நாலு எட்டு தள்ளி மட்டமான நிலம் இருக்கிறது. அதில் தேயிலை. அங்கே ஒரு கம்பு ஊன்றினாலும் நிர்வாகத்திலிருந்து கடிதம் வரும்.

1975 இல் தோட்டக் காணி அரசுடைமையானது. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. காணி இன்றும் அரசுடையதுதான். ஆகவே கம்பனியைக் கேள் என்று நீங்களும், அரசாங்கத்தைக் கேள் என்று அவர்களும் சொல்லும் விளையாட்டை நிறுத்துங்கள். பாதுகாப்பான இடத்தில், காணி உறுதிப் பத்திரத்தோடு, குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி (ஒரு பேர்ச் சுமார் 272 சதுர அடி). கேட்பது இவ்வளவுதான்.

மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை வருகிறது, நன்றி. சிவப்பு வந்தால் வெளியேறச் சொல்கிறீர்கள். எங்கே? பாடசாலைக்கு. பாடசாலை இதே மேட்டின் அடியில்தான் இருக்கிறது. பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்திலும் ஆபத்து என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். போக இடம் கொடுக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்களோடு மண்ணுக்குள் போனார்கள்.

ஏப்ரலில் நுவரெலியாவுக்கு வரும் வாகனங்களை எண்ணிப் பார்த்ததுண்டா? சரிவைக் குடைந்து மாடி மாடியாக எழும் ஹோட்டல்களை? அங்கே மலை தாங்கிக்கொள்கிறது போலும். எங்கள் தகரக் கூரையின் பாரம்தான் அதற்குப் பொறுக்கவில்லை. ஹோட்டல்காரர்களுக்கும் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் வைத்தால் டீயும் பிஸ்கட்டும் நாங்களே கொண்டு வருகிறோம்.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். ஐப்பசி மழைக்கு முன்னர் நில அளவையாளரை அனுப்பி, எங்கள் தோட்டத்தில் ஆபத்தில்லாத நிலம் எது என்று அடையாளம் காட்டும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அதில் குடும்பத்துக்கு ஏழு பேர்ச், உறுதியோடு. பதிலைத் தமிழிலும் அனுப்புங்கள். போன சுற்றறிக்கை சிங்களத்தில் மட்டும் வந்தது, வாசித்துச் சொல்ல ஆள் தேட வேண்டியிருந்தது.

இப்படிக்கு,
பணிய லயத்தில் குடியிருப்பவன்