எலிக்கு வலிப்பு வந்ததும் அறுந்துபோகும் ஈ.ஈ.ஜி. சிக்னல்: ஆறாவது புகார்

அனுப்புநர்: ஆய்வு மாணவி, தரமணி, சென்னை
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

வணக்கம். வலிப்பு ஆய்வுக்காக உங்களிடம் வாங்கிய, எலியின் மூளை அலையைப் பதியும் வயர்லெஸ் ஈ.ஈ.ஜி. கருவி பற்றி இது என் ஆறாவது கடிதம். ஐந்துக்கும் புகார் எண் வந்தது, பதில் வரவில்லை.

எலி படுத்திருக்கும்போது பதிவு சுத்தமாக வருகிறது. வலிப்பு வந்தால் போய்விடுகிறது. 12ஆம் தேதி அதிகாலை வீடியோவைப் பாருங்கள். எலி பின்னங்காலில் எழுகிறது, முன்னங்கால்கள் வெட்டி வெட்டி இழுக்கின்றன, அப்படியே சாய்ந்து விழுகிறது. வலிப்பின் கடுமையைக் கணிக்கும் ரசீன் அளவுகோலில் இது 5ஆம் நிலை. அந்த 38 விநாடியும் திரையில் வெறும் நேர்க்கோடு! வலிப்பு ஓய்ந்ததும் மூளை அலை சற்று நேரம் அடங்குவது இயல்பு. அந்த அடக்கம் எது, உங்கள் சிக்னல் அறுந்தது எது என்று நான் எப்படிப் பிரிப்பேன்?

சிக்னலை வாங்கும் ரிசீவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கொட்டும் மழையில் ஆட்டோவில் அம்பத்தூர் எஸ்டேட்டில் உள்ள உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். இரண்டரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். அப்புறம் வந்த ஊழியர் பெட்டியைத் திறக்கவே இல்லை. "எலியைக் கொஞ்சம் ஆடாம பார்த்துக்கோங்க மேடம், சிக்னல் வரும்" என்றார். வலிப்பு வரும் எலி எப்படி ஆடாமல் இருக்கும் என்று கேட்டேன். "அது உங்க வேலை" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். வயர் இழுக்காமல் எலி இஷ்டப்படி நடமாடட்டும் என்றுதானே வயர்லெஸ் வாங்கினோம்? இதுகூட உங்கள் ஆளுக்குத் தெரியாதா?

எட்டு எலிகள். ஒவ்வொன்றும் 25 கிராம்தான் இருக்கும். மண்டையோட்டில் துளையிட்டு, குட்டி ஸ்க்ரூ இறக்கி, பல் சிமெண்ட் பூசி, சிக்னல் அனுப்பும் டிரான்ஸ்மிட்டரைத் தோலுக்கடியில் வைத்துத் தைத்தது நான். அவை பட்ட வலிக்கு ஒரு வரித் தரவுகூட மிஞ்சவில்லை. புது எலி வேண்டுமென்றால் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் மறுபடி போய் நிற்க வேண்டும். என் முனைவர் பட்டமே போயிற்று.

தயவுசெய்து விஷயம் தெரிந்த ஒருவரை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள், ரிசீவரை மாற்றித் தாருங்கள். பத்து நாளில் நடக்காவிட்டால் மீதித் தொகையை நிறுத்தச் சொல்லிக் கொள்முதல் குழுவுக்கு எழுதுவேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் அழைப்பேன், நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன்.

பேட்டரி தீர்ந்துவிடக் கூடாதென்று டிரான்ஸ்மிட்டர்களைக் காந்தம் காட்டி அணைத்து வைத்திருக்கிறேன். எலிகளுக்கு வலிப்பு தினமும் வந்துகொண்டுதான் இருக்கிறது. ரிசீவர் உங்கள் அம்பத்தூர் கவுண்டரில் கிடக்கிறது. ரசீது நகல் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
ஆய்வு மாணவி