ஏழு பேரா, எட்டுப் பேரா

ஈசூன், சிங்கப்பூர்
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். சித்தப்பா மகன் செவ்வாய்க்கிழமை லண்டனுக்குப் புறப்படுகிறான். அங்கிருந்து வேலை விஷயமாக லீட்ஸ் வருவானாம். "பெட்டியில இடம் இருக்கு பெரியம்மா" என்றான், விடுவேனா? கறித்தூள், நார்த்தங்காய் ஊறுகாய், பருப்புப்பொடி இரண்டு பொட்டலம். கூடவே இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில் போட்டால் நீல டிக் மட்டும்தான் வருகிறது. தாளை எடுத்துப் பிரித்தால் கடைசிவரை படிக்கத்தானே வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஃபேன்டஸி கால்பந்து லீக்குக்கு ஆட்டக்காரர்களை முறைவைத்துப் பிரித்தெடுக்கிற டிராஃப்ட் வருகிற ஞாயிறு, 10-ஆம் தேதி. இங்கே இரவு 9 மணி, உனக்குப் பகல் 2. தூங்கி எழுந்து சாப்பிட்டுவிட்டே உட்காரலாம், சாக்குச் சொல்ல முடியாது. அப்பா, நான், தோ பாயோ சித்தப்பா, அவர் மகன், பெரியம்மா வீட்டு இரண்டு பேர், நீ. ஏழு பேர். போன வருஷம் எட்டு. இந்த வருஷம் ஏழா எட்டா என்று நீதான் சொல்லவேண்டும்.

சும்மா கேட்கவில்லை. கணக்கே அதில்தான் இருக்கிறது. பிரிமியர் லீக்கில் 20 கிளப். பாதிக்கு மேற்பட்ட கிளப்புகள் கோல் போட முன்னால் நிற்கிற ஒரே ஒரு ஃபார்வர்டை வைத்துத்தான் ஆடுகின்றன. நாம் எட்டுப் பேர் ஆளுக்கு மூன்று எடுத்தால் 24 ஃபார்வர்ட் காலி, கடைசியில் எடுப்பவனுக்கு பெஞ்சில் உட்காருகிறவன்தான் கிடைப்பான். ஏழு பேர் என்றால் 21, கொஞ்சம் மூச்சு விடலாம். எட்டு என்றால் நான் மூன்றாவது சுற்றிலேயே இரண்டாவது ஃபார்வர்டை எடுத்துவிடுவேன். ஏழு என்றால் ஐந்தாவது சுற்றுவரை பொறுப்பேன். கீப்பருக்கு எப்படியும் அவசரமில்லை. எட்டுப் பேர் ஆளுக்கு இரண்டு எடுத்தாலும் 16 தான். போன வருஷம் நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட் கீப்பர் செல்ஸை யாரும் சீண்டவில்லை. கடைசியில் 13 கிளீன் ஷீட்டோடு, அதாவது கோலே வாங்காத 13 ஆட்டத்தோடு, ஆர்சனல் கீப்பர் ராயாவுக்குச் சமமாகத் தங்கக் கையுறை விருது வாங்கினான்.

போன வருஷம் டிராஃப்டில் நீ கிறிஸ் வுட்டை எடுத்தபோது சித்தப்பா எப்படிச் சிரித்தார், நினைவிருக்கிறதா? "32 வயசு ஆளை எடுக்கிறான், இவனுக்கு சிபிஎஃப் சேமநிதி கட்டுறானா" என்றார். நீ ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நீ முந்தின சீசனில் அவன் எத்தனை நிமிடம் ஆடினான், ஆடிய நேரத்துக்கு எத்தனை கோல் என்று பார்த்து வைத்திருந்தாய். 20 கோல் போட்டான். கோப்பிக்கடையில் இன்றும் நான் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் மகன் கண்ணுக்குத்தான் தெரிந்தது, லீட்ஸில் உட்கார்ந்துகொண்டு பார்த்தான் என்று.

அப்படிப்பட்ட நீ ஜனவரிக்குப் பிறகு அணிப் பக்கமே வரவில்லை. கேப்ரியல் ஜெசூஸ் ஜனவரி 12 அன்று எஃப்ஏ கோப்பை ஆட்டத்தில் முழங்கால் தசைநார் அறுந்து வெளியே போனான். சீசன் முடிந்தது என்று உலகத்துக்கே தெரியும். மே மாதம்வரை அவன் உன் அணியில் உட்கார்ந்திருந்தான். வுட் இடுப்பில் அடிபட்டு ஆடாத வாரத்திலும் அவன் பெயர் உன் பதினொன்றில்தான். நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உன் அணியைத் திறந்து பார்ப்பேன். மாற்றியிருப்பாய், மாற்றியிருப்பாய் என்று. எட்டாவது அணியும் அதே மாதத்திலிருந்து அப்படியே கிடந்தது. அப்பாவிடம் சொன்னேன். "வேலை அதிகமா இருக்கும், விடு" என்றார். விட்டேன்.

சரி, இந்த வருஷம் விஷயத்தைக் கேள். ஆப் போட்டுத் தருகிற வரிசையை நம்பாதே. தேக்கா சந்தையில் மீன் வாங்குகிற மாதிரிதான், முன்னால் அடுக்கி வைத்ததையே எல்லாரும் எடுப்பார்கள், நீ உள்ளே கையை விடு. மொத்தப் புள்ளியைப் பார்க்காதே, நிமிடத்தைப் பார். மார்மூஷ் ஜனவரியில்தான் மான்செஸ்டர் சிட்டிக்கு வந்தான். பாதி சீசன் ஆடியவன் மொத்தக் கணக்கில் சின்னவனாகத்தான் தெரிவான். ஆர்சனல் சாக்கா டிசம்பரில் தொடைத் தசை கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டு மூன்று மாதத்துக்கு மேல் இல்லை. ஏப்ரலில் ஃபுல்ஹமுக்கு எதிராக மாற்றாக இறங்கிக் கொஞ்ச நேரத்தில் தலையால் முட்டி கோல் போட்டான். இங்கே அதிகாலை, நான் சத்தம் போட்டதில் அப்பா எழுந்துவிட்டார். ஒதுங்கி இருந்தவனைப் பட்டியல் கீழே தள்ளிவிடும். அவன் கெட்டிக்காரன் இல்லை என்று ஆகிவிடாது. ஒரு சீசன் போனால் போகட்டும், தம்பி.

லிவர்பூல் ஜோட்டாவும் அப்படித்தான் எனக்குக் கிடைத்தான். அடிக்கடி அடிபடுகிறவன் என்று யாரும் முந்திக்கொள்ளவில்லை. போன மாதம் 3-ஆம் தேதி அவன் கார் விபத்தில் போய்விட்டான் என்று செய்தி வந்தபோது நான் அடுப்படியில் நின்றேன். 28 வயசு. கல்யாணமாகி 11 நாள். நுரையீரலில் அறுவை சிகிச்சை ஆனதால் விமானத்தில் போகவேண்டாம் என்று மருத்துவர் சொல்ல, கப்பலைப் பிடிக்கக் காரில் போயிருக்கிறான், கூடத் தம்பியும். லிவர்பூல் 20-ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் தரமாட்டார்களாம். அன்றைக்கு உனக்கு அழைத்தேன், எடுக்கவில்லை. ராத்திரி கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. நான் ஏன் அழைத்தேன் என்று உனக்குப் புரிந்திருக்கும். நெடுஞ்சாலையில் ராத்திரி வண்டி ஓட்டாதே. தூக்கம் வந்தால் நிறுத்து. புது வீடு வேலையிடத்திலிருந்து தூரமா? முகவரியை மட்டும் அனுப்பினாய், வேறொன்றும் சொல்லவில்லை. ஒரு அறை வீடு என்று சித்தப்பா மகன்தான் சொன்னான்.

இன்னொன்று, புது விதி. இது யாருக்கும் சரியாக மண்டையில் ஏறவில்லை, அதனால்தான் உனக்குச் சொல்கிறேன். டிஃபென்டர், அதாவது தடுப்பாட்டக்காரன், ஒரு ஆட்டத்தில் பந்தை வெளியே தள்ளுவது, தடுப்பது, இடைமறிப்பது, காலை விட்டுப் பறிக்கிற டாக்கிள் எல்லாம் சேர்த்து 10 செய்தால் 2 பாயிண்ட். மிட்ஃபீல்டருக்கும் ஃபார்வர்டுக்கும் பந்தை மீட்பதையும் சேர்த்து 12 வேண்டும். அப்படியானால் பெரிய கிளப் டிஃபென்டர்தான் நல்லவன் என்கிற பேச்சு பாதி போச்சு. பந்து வந்தால்தானே அவன் தள்ளுவான்? எவர்ட்டன் தர்கோவ்ஸ்கி மாதிரி நாள் முழுக்க மழையில் நின்று தலையைக் கொடுக்கிறவனைப் பார். மூன்று கோல் வாங்கித் தோற்றாலும் அவனுக்கு அந்த 2 உண்டு.

தாத்தா இருந்திருந்தால் இதைக் கேட்டுக் குதித்திருப்பார். என்னைக் கல்லாங் அரங்கத்துக்குக் கூட்டிப்போனால் ஊரே டோல்லா காசிம் பந்தோடு எதிராளியை ஏமாற்றுகிற கெலேக்கைப் பார்த்துக் கத்தும். தாத்தா மட்டும், "சமது எங்க நிக்கிறார் பாரு" என்பார். சமது அல்லாப்பிச்சை. 1977-இல் மலேசியக் கிண்ணத்தை வென்ற சிங்கப்பூர் அணியின் தலைவர், டிஃபென்டர். அந்தக் காலத்தில் இந்த விதி இருந்திருந்தால் எந்த டிராஃப்டிலும் முதல் சுற்றில் அவர்தான். உனக்கு அந்தக் கண் தாத்தாவிடமிருந்து வந்தது, அப்பாவிடமிருந்து இல்லை.

ஆடும் இடத்தையும் பார். ஆப்பில் மிட்ஃபீல்டர் என்று போட்டுவிட்டு மைதானத்தில் முன்னால் ஓடுகிறவன் தங்கம். அவன் கோலுக்கு 5, ஃபார்வர்ட் கோலுக்கு 4 தான். 2019-இல் ஷெஃபீல்ட் யுனைடெட் லண்ட்ஸ்ட்ராமை டிஃபென்டர் என்று போட்டுவிட்டார்கள், அவன் ஆடியதோ நடுக்களம். பெனால்டி யார் உதைக்கிறார் என்றும் பார். உம்பெவ்மோ போன சீசன் 20 கோல் என்று அப்பா குதிக்கிறார். அவனை மான்செஸ்டர் யுனைடெட் வாங்கிவிட்டதால் முதல் சுற்றிலேயே எடுப்பாராம். பிரென்ட்ஃபர்டில் பெனால்டி அவனுடையது, யுனைடெட்டில் அதை உதைக்க புருனோ இருக்கிறாரே என்றேன். காதில் விழவில்லை. 15-ஆம் இடத்தில் முடித்த கிளப்புக்கு இன்னும் இந்த விசுவாசம். ரேஷ்ஃபர்டை பார்சலோனாவுக்குக் கடனாகக் கொடுத்த அன்று மனிதர் ராத்திரிச் சாப்பாடு சாப்பிடவில்லை.

ஆர்சனல் இங்கே சிங்கப்பூருக்கு வந்தது தெரியுமா? 27-ஆம் தேதி நியூகாசலோடு ஆடினார்கள், பெரியம்மா பையன் டிக்கெட் எடுத்திருந்தான். 3-2. டவ்மன் என்று 15 வயசுப் பிள்ளை இறங்கி பெனால்டி வாங்கிக் கொடுத்தான், எடகார்ட் உதைத்து ஜெயித்தார்கள். அரங்கமே எழுந்து நின்றது. இங்கே எல்லாரும் இப்போது அந்தப் பிள்ளை பேச்சுத்தான், நீ எடுத்துவிடாதே. நட்பு ஆட்டத்தில் ஆடுகிறவனுக்கு லீக்கில் நிமிடம் கிடைக்கவேண்டுமே. நான் பார்த்தது எலங்காவை. ஃபாரஸ்டிலிருந்து நியூகாசலுக்குப் போனவன். போன சீசன் 11 கோலுக்கு வழி செய்தவன், அன்றைக்கு முதல் கோலும் அவனுடையதுதான். இதை நான் யாருக்கும் சொல்லவில்லை. நீ எடுக்கப்போகிறாய் என்றால் விட்டுத்தருகிறேன்.

உன் ஊர்க் கிளப் பிரிமியர் லீக்குக்கு மேலே வந்துவிட்டது, அதிலும் கவனம் வேண்டும். லீட்ஸ் 100 புள்ளி எடுத்தது, பிரூ 19 கோல் போட்டான் என்று அங்கே தெருவெல்லாம் பேசுவார்கள். அதெல்லாம் கீழ் லீக் கணக்கு. இப்ஸ்விச்சுக்குப் போன ஸ்மாடிக்ஸ் அதற்கு முந்தின வருஷம் அங்கே 27 கோல் போட்டவன், மேலே வந்து கால்வாசிகூடப் போடவில்லை. கடந்த இரண்டு சீசனும் மேலே வந்த மூன்று கிளப்பும் அப்படியே கீழே போய்விட்டன. ஆனாலும் நீ அங்கேயே இருக்கிறவன். மைதானத்துக்குப் போய்ப் பார், யார் முழு நேரம் ஆடுகிறான் என்று. டிக்கெட் காசு நான் தருகிறேன். சிங்கப்பூரின் 60 வருஷத்துக்கு அரசாங்கம் தருகிற எஸ்ஜி60 பற்றுச்சீட்டு எனக்கும் அப்பாவுக்கும் ஆளுக்கு 800 வெள்ளி வந்திருக்கிறது, கடைச் செலவு அதில் ஓடிவிடும். கையில் இருக்கிற காசு மிச்சம். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்காதே. நாலு பேரோடு போ.

ஞாயிற்றுக்கிழமை வரமுடியாமல் போனால் ஆப்பில் உன் விருப்பப் பட்டியலையாவது நிரப்பி வை. நீ எடுக்காவிட்டால் மெஷின் அதைப் பார்த்து எடுக்கும். அதுவும் காலியாக இருந்தால் முன்னால் இருப்பதை அள்ளிப் போட்டுவிடும். ஆனால் நீ வா. வந்து உட்கார். பேசவேண்டாம், எடுத்தால் போதும். முதல் ஆட்டம் லிவர்பூல், போர்ன்மத். நமக்குச் சனிக்கிழமை அதிகாலை 3 மணி. நான் விழித்திருப்பேன்.

ஏழா எட்டா என்பதைச் சனிக்கிழமைக்குள் சொல்லிவிடு. ஏன், எப்படி என்று நான் கேட்கமாட்டேன். அப்பாவும் கேட்கமாட்டார், நான் பார்த்துக்கொள்கிறேன். எட்டு என்றால் அழைப்பை நீ அனுப்புகிறாயா, நான் அனுப்பவா என்றும் சொல். அந்தப் பிள்ளைக்குச் சித்திரைப் புத்தாண்டுக்கு நான் போட்ட வாழ்த்து இன்னும் ஒற்றை டிக்கோடு நிற்கிறது, எண்ணை மாற்றிவிட்டதா தெரியவில்லை. பருப்புப்பொடியில் காரம் குறைத்தது அதற்குத்தான். சேர்க்க முடிந்தால் சேர். முடியாவிட்டால் நீயே சாப்பிடு, காரம் போதவில்லை என்று குறை சொல்லாதே.

நேரத்துக்குச் சாப்பிடு. நிமிடத்தைப் பார்.

அன்புடன்
அம்மா

பி.கு. அப்பா கடைசிச் சுற்றில் யுனைடெட் டிஃபென்டர் மகுவைரை எடுக்கத் திட்டம் போட்டு வைத்திருக்கிறார். நான் சொன்னேன் என்று சொல்லிவிடாதே. நீ அவருக்கு முன்னால் எடுத்தால் என் வீட்டுக்காரியம் கெட்டுவிடும்.