முதல் தவணை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். சார்லட்டில் இலை உதிரத் தொடங்கிவிட்டது. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

நீ அனுப்பிய 5,000 டாலர் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. "பேஸ்பால் கடன், முதல் தவணை" என்று நீ எழுதியிருந்ததை அப்பா இரண்டு முறை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு கராஜுக்குப் போய்விட்டார். அரை மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். உன் பழைய கையுறையை மடியில் வைத்துக்கொண்டு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நீ ஆட்டத்தை விட்டு ஏழு ஆண்டுகள் ஆகின்றன. அந்தத் தோல் இன்னும் வெடிக்காமல் இருப்பது அவரால்தான்.

போனில் பேசினால் "விடுங்கள் அம்மா" என்று நீ பேச்சை முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கணக்கு எழுதுகிறவள் என்பது உனக்குத் தெரியும். கும்பகோணத்தில் என் அம்மா காலண்டரின் பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதுவார். அதே புத்தி எனக்கும். உன் பேஸ்பாலுக்கென்று நீல அட்டை போட்ட தனி நோட்டு ஒன்று வைத்திருந்தேன். உன் பணம் வந்த அன்று இரவு அதை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை உட்கார்ந்து படித்தேன்.

2010 வசந்தத்தில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய ஆண்டு நீ நம் பேட்டை லீகில் ஆடினாய். சட்டை, தொப்பி, மைதானம் எல்லாம் சேர்த்து 150 டாலர். சனிக்கிழமை காலை ஒரு ஆட்டம். மதியம் வீட்டில் சாப்பாடு. 1939-ல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் கார்ல் ஸ்டாட்ஸ் மூன்றே அணிகளோடு சிறுவர்களுக்கான லிட்டில் லீகைத் தொடங்கியபோது நினைத்ததும் இதைத்தான்: ஊர்ப் பிள்ளைகள் ஊருக்குள்ளேயே ஆட வேண்டும். அந்த சீசனின் கடைசி நாள், ஒருவர் கார் நிறுத்துமிடத்தில் அப்பாவை நிறுத்தி, "உங்கள் பையனுக்கு நல்ல கை. இப்போதே டிராவல் டீமில் சேர்க்காவிட்டால் பின்னால் இடம் கிடைக்காது" என்றார். பணம் கட்டிச் சேர்ந்து, ஊர் ஊராகப் போய்ப் போட்டி ஆடும் அணி அது. உனக்கு அப்போது எட்டு வயது. அன்று இரவு நானும் அப்பாவும் தூங்கவில்லை. சந்தோஷம் பாதி, பயம் பாதி. இந்த நாட்டில் எது எந்த வயதில் தொடங்க வேண்டும் என்று நமக்குச் சொல்லித் தர ஒரு மாமாவோ அத்தையோ பக்கத்தில் இல்லை. எங்கே தவறவிட்டுவிடுவோமோ என்ற பயம் எங்களை எப்போதும் விரட்டியது. அந்தப் பயத்துக்குத்தான் முதல் செக் எழுதினோம் என்று இன்று தோன்றுகிறது.

முதல் ஆண்டு மொத்தம் 3,180 டாலர். நீ கூப்பர்ஸ்டவுன் போட்டிக்குப் போன 2013-ல் 8,240. உனக்குப் பதினைந்து வயதான 2016-ல் 9,705. ஒன்பது சீசனுக்கும் சேர்த்து 56,390. டீம் கட்டணம் என்று முதலில் சொல்லும் தொகை அதில் பாதிகூட இல்லை. அரை மணி நேரத்துக்கு 45 டாலர் வாங்கிய பேட்டிங் பயிற்சி, குளிர்காலத்தில் வலைக்கூண்டு வாடகை, ஜார்ஜியாவின் எமர்சனுக்கும் மிர்ட்டில் பீச்சுக்கும் பெட்ரோல், பெற்ற பிள்ளை ஆடுவதைப் பார்க்க வாசலில் அப்பாவும் நானும் தனித்தனியாகக் கட்டிய நுழைவுக் கட்டணம். சில போட்டிகளில் அவர்கள் சொல்லும் ஹோட்டலில்தான் தங்க வேண்டும். வேறு இடத்தில் தங்கினால் டீமையே ஆட விடமாட்டார்கள். பக்கத்திலேயே பாதி விலையில் அறை இருப்பதைப் பார்த்துக்கொண்டே முழு விலை கொடுத்த இரவுகள் நோட்டில் பதினொன்று இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறேன்.

பேட் கதை உனக்கு நினைவிருக்கும். 300 டாலர் கொடுத்து வாங்கியதை ஒரே ஆண்டு ஆடினாய். உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்ததும் விதி மாறிவிட்டது: நீளத்தின் அங்குலத்துக்கும் எடையின் அவுன்ஸுக்கும் உள்ள வித்தியாசம் மூன்றைத் தாண்டக் கூடாது. 32 அங்குல பேட் என்றால் 29 அவுன்ஸாவது இருக்க வேண்டும். பழையது மூலைக்குப் போனது. புதியது 350 டாலர். அந்த மாதம்தான் அப்பா வங்கியில் இரவு சப்போர்ட் வேலையையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்.

ஆஸ்பென் இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு நிறுவனம் எடுத்த கணக்கெடுப்பு ஒன்றைப் படித்தேன். 2024-ல் ஒரு பிள்ளையின் முக்கிய விளையாட்டுக்கு அமெரிக்கக் குடும்பம் சராசரியாகச் செலவழித்தது 1,016 டாலராம். 2019-ஐ விட 46 விழுக்காடு கூடுதல். அதைப் படித்தபோது நம் நோட்டு எங்கே நிற்கிறது என்று புரிந்தது. உன் டீமில் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நின்று ஆடிய அந்த ஒல்லிப் பையனையும் நினைத்துக்கொண்டேன். அவன் அம்மா பள்ளி பஸ் ஓட்டினார். உன்னைவிட அவன் நன்றாக ஆடுவான். தாய் சொல்கிறேன், அதுதான் உண்மை. மூன்றாம் ஆண்டு கட்டணம் கட்டும் தேதி வந்தது, அவன் வரவில்லை. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வாரம் அந்த இடத்தில் வேறொரு பையன் நின்றான். 2013-ல் தொழில்முறை பேஸ்பாலின் நேஷனல் லீகில் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வான ஆண்ட்ரூ மெக்கட்சன், ஏழை வீட்டுப் பிள்ளைகள் இப்படித்தான் இந்த ஆட்டத்திலிருந்து உதிர்கிறார்கள் என்று பின்னாளில் வெளிப்படையாக எழுதினார். அந்த ஒல்லிப் பையனின் அம்மாவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.

இவ்வளவும் படித்துவிட்டு, அம்மா வருந்துகிறாள் என்று நினைத்துவிடாதே. நான் அந்த நாட்களை விரும்பினேன். ஸ்கோர் நோட்டு எழுதக் கற்றுக்கொண்டேன். நீ பந்து வீசியே ஒருவனை வெளியேற்றினால், அதாவது ஸ்ட்ரைக் அவுட் செய்தால், ஆங்கில 'கே' எழுத்து. அவன் பேட்டை அசைக்காமல் நின்றபடியே அவுட் ஆனால் அதே எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும். திருப்பிப் போடும்போதெல்லாம் என் கை நடுங்கும், அவ்வளவு பெருமை. ஹோட்டல் குளியல் தொட்டியில் உன் வெள்ளைக் கால்சட்டையைப் போட்டு, ஜார்ஜியாச் செம்மண் கறையைச் சோப்புக் கட்டியால் இரவு பதினொரு மணிக்குத் தேய்ப்பேன். தண்ணீர் டீ நிறத்தில் ஓடும். முழங்கால் பக்கம் மட்டும் போகவே போகாது. நீ உள்ளே ஒரு பக்க ஷூவைக்கூடக் கழற்றாமல் தூங்கிக்கொண்டிருப்பாய். வாய் திறந்து நாலு பேரிடம் பேசாத பிள்ளை, கூப்பர்ஸ்டவுனில் ஊர் ஊராக வந்த பையன்களிடம் சட்டையில் குத்தும் டீம் பின்களை மாற்றிக்கொள்ளப் பேரம் பேசியதை நான் தூரத்திலிருந்து பார்த்தேன். அந்த ஒரு வாரத்துக்கு நான் எந்தத் தொகையையும் கொடுத்திருப்பேன்.

ஆனால் நோட்டில் இன்னும் இரண்டு பக்கங்கள் இருக்கின்றன. அவற்றை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

ஒன்று, 2016 ஜூலை. ஸ்கோர் எழுதுகிறவள் நான். ஒவ்வொரு பந்தையும் எண்ணினேன். சனிக்கிழமை நீ வீசியது 68. ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்தில் மறுபடி உன்னை இறக்கினார்கள், 47. மேஜர் லீக் பேஸ்பால் நிர்வாகமும் யுஎஸ்ஏ பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து 2014-ல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, பதினைந்து வயதுப் பையன் 61 முதல் 75 பந்து வரை வீசினால் மூன்று நாள் ஓய்வு வேண்டும். அந்தத் தாளை அச்செடுத்து இதே நோட்டில் ஒட்டி வைத்திருந்தவளும் நான்தான். எழுந்து போய் கோச்சிடம் சொல்லியிருக்க வேண்டும். இறுதி ஆட்டம், மற்ற பெற்றோர்கள், அவ்வளவு தூரம் ஓட்டி வந்த களைப்பு, கொடுத்த பணம், எல்லாம் என்னை நாற்காலியில் அழுத்தி உட்கார வைத்தன. செப்டம்பரில் உன் முழங்கை வீங்கியது. 1974-ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் டாமி ஜான் என்ற பிட்சருக்குச் செய்த முழங்கை அறுவை சிகிச்சையின் பெயர் நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அன்றாடப் பேச்சானது. அது உனக்குத் தேவைப்படாமல் நான்கு மாத ஓய்வோடு போனது கடவுள் செயல். காரணம் எதுவென்று மருத்துவரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனால் 68, 47 என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், கண்ணா. இதுவரை கேட்டதில்லை.

ஸ்காலர்ஷிப் பேச்சையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் முதல் டிவிஷன் கல்லூரி டீம் ஒன்றுக்கு மொத்தம் 11.7 ஸ்காலர்ஷிப்தான், அதை 27 பேர் வரைக்கும் பிய்த்துப் பிய்த்துக் கொடுப்பார்கள். இதை அப்பா 2012-லேயே படித்துவிட்டார். ஆகவே காலேஜ் பணத்துக்காக உன்னை ஓட்டினோம் என்று நீ நினைத்திருந்தால் அது சரியில்லை. கிடைக்காது என்று தெரிந்தேதான் கட்டினோம். உன்னிடம் "போதும்" என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

இரண்டாவது பக்கம் உன் தங்கையுடையது.

பாப்பாவின் பரதநாட்டிய வகுப்பும் சனிக்கிழமைதான். மாதம் 60 டாலர். போட்டி இருக்கும் மாதங்களில் அவள் போக முடியாது என்பதால், மார்ச் முதல் ஜூலை வரை பணம் கட்டாமல் இடத்தை மட்டும் வைத்திருக்கும்படி டீச்சரிடம் கேட்டேன். அந்த மாதங்களில் நோட்டில் நானே எழுதியிருக்கிறேன்: "பாப்பா நடனம் – மிச்சம் 60." ஒவ்வொரு மாதமும். ஆறு ஆண்டுகள். அந்த மிச்சத்தைக் கூட்டிப் பார்த்தேன்: 1,800 டாலர். உன் பேட் பணத்துக்குப் பக்கத்து வரியில் இருக்கிறது.

அவளோடு சேர்ந்தவர்கள் அரங்கேற்றம் முடித்தபோது, அவள் இன்னும் சின்னப் பிள்ளைகளோடு வர்ணம் கற்றுக்கொண்டிருந்தாள். "அடுத்த வருஷம்" என்றோம். பிறகு அவளே கேட்பதை நிறுத்திவிட்டாள். எமர்சனில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்தவள், ஐஸ் பெட்டியிலிருந்து உனக்குத் தயிர் சாத டப்பாவை எடுத்து ஓடி வந்து கொடுத்தவள், ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால் நான் கவனித்திருப்பேனோ என்னவோ.

பாட்டி விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். பள்ளி விடுமுறை விடும் ஜூன், ஜூலைதான் சீசனின் உச்சம். ஒன்பது ஆண்டில் ஊருக்கு இரண்டே முறை போனோம், அதுவும் டிசம்பரில் பத்து நாள். "அந்த விளையாட்டு எப்போது முடியும்?" என்று பாட்டி போனில் கேட்பார். 2015 ஜூலையில் அவர் காலமானபோது அப்பா மட்டும் விமானம் ஏறினார். நாம் மூவரும் அலபாமாவில் இருந்தோம். உன்னிடம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்த பிறகுதான் சொன்னேன். அந்த முடிவு என்னுடையது, உன்னுடையது இல்லை.

அதனால் சொல்கிறேன், நீ எங்களுக்குக் கடன்காரன் இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளை செக் எழுதவில்லை, நாங்கள் எழுதினோம். உன் 5,000 டாலரை நான் தொடவில்லை, நாளை காலை உன் கணக்குக்கே திருப்பி அனுப்பிவிடுவேன். யாருக்காவது கொடுத்தே ஆக வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், இந்த நோட்டில் பணம் கட்டாமலே கட்டியவள் ஒருத்தி இருக்கிறாள்.

அவள் கடைசி ஆண்டு படிக்கிறாள். ஆகஸ்டிலிருந்து மறுபடி நடன வகுப்புக்குப் போகிறாள், உனக்குச் சொன்னாளா தெரியவில்லை. எங்களிடமும் சொல்லவில்லை, காரின் பின் சீட்டில் சலங்கை கிடந்ததைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். வகுப்புக்குத் தன் பகுதிநேர வேலைச் சம்பளத்தில் கட்டுகிறாள். நான் தருகிறேன் என்றேன். "வேண்டாம் அம்மா, நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றாள். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

அவளிடம் பணத்தை நேரடியாக நீட்டாதே, வாங்க மாட்டாள். முதலில் பேசு. அவள் ஆடுவதை நீ கடைசியாக எப்போது பார்த்தாய் என்று யோசித்துவிட்டுப் பேசு. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து அறைக்குத் திரும்ப எட்டு மணி ஆகிறது. சாப்பிட்டு முடிக்கட்டும், எட்டரைக்கு மேல் கூப்பிடு. உனக்கு அங்கே சிகாகோவில் ஏழரைதான் ஆகியிருக்கும்.

நோட்டை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். படித்துவிட்டுப் பத்திரமாக வை.

அன்புடன்,
அம்மா