ரவாங் அக்காவின் 37.9

ஜெலுத்தோங், பினாங்கு
ஞாயிறு காலை

அன்புள்ள மகளுக்கு,

ரவாங் அக்காவை வார்டில் சேர்த்துவிட்டார்கள், நியூட்ரோபில் (கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளணு) வெறும் 0.4, நரம்பில் ஆன்டிபயாட்டிக் ஏறுகிறது என்று நீ அனுப்பிய செய்தியைப் பார்த்த பிறகுதான் எனக்குக் காப்பி தொண்டையில் இறங்கியது. நல்லவேளை. போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும், அதனால் எழுதுகிறேன். மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிற உங்கள் ஐந்து பேருக்கும் சேர்த்துத்தான் இது. புலனக் குழுவில் (வாட்ஸப்) போட்டுவிடு.

நடந்ததை ஒரு தடவை திருப்பிப் பார். ராத்திரி 10 மணிக்கு அவள் "லேசாகக் காய்ச்சல், 37.9" என்று போட்டாள். நீங்கள் நாலு பேரும் உடனே பதில் போட்டீர்கள். மழையில் நனைந்தாயா என்றாள் ஒருத்தி. பனாடோல் ரெண்டு போட்டுப் படு என்றாள் இன்னொருத்தி. கும்பிடுகிற கை படம் மூன்று வந்தது. கீமோ போட்டு எத்தனையாவது நாள் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அன்றைக்கு 10ஆம் நாள்.

ஊசி ஏறிய நாளை 1 என்று வைத்து எண்ணுங்கள். பெரும்பாலான கீமோவில் 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள்வரை வெள்ளணு அடிமட்டத்தில் கிடக்கும். அந்த நாள்களில் கிருமி புகுந்தால் சீழ் பிடிக்காது, புண் சிவந்து வீங்காது, சளியும் அவ்வளவாகக் கட்டாது. அதெல்லாம் வெள்ளணு வந்து சண்டை போடுவதால் தெரிகிற அடையாளங்கள், சண்டை போடத்தான் ஆள் இல்லையே. பெரும்பாலும் மிச்சம் இருக்கிற அடையாளம் காய்ச்சல்தான். அதையும் பனாடோலால் அமுக்கிவிட்டால், கிருமி ரத்தத்தில் பெருகுவது விடியும்வரை யாருக்கும் தெரியாது. விடியற்காலையில் 37.2 வந்ததும் எல்லாரும் சந்தோஷப்பட்டீர்களே, அந்த 37.2 மாத்திரை காட்டிய கணக்கு.

இன்னொன்று. அவள் தெர்மாமீட்டரை அக்குளில் வைத்திருக்கிறாள். அக்குளில் வைத்தால் வாயில் வைப்பதைவிட ஏறக்குறைய அரை டிகிரி குறைத்துக் காட்டும். அக்குளில் 37.9 என்றால் உள்ளே 38ஐத் தாண்டியிருக்கும். ஆகவே யாராவது ஓர் எண்ணைப் போட்டால் வாயிலா, காதிலா, அக்குளிலா என்று கேளுங்கள். வாயில் வைப்பவர் மைலோவோ தேத்தண்ணியோ குடித்திருந்தால் அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். வாயெல்லாம் புண் என்றால் காது. அக்குள்தான் வழி என்றால் அறுவை நடக்காத பக்கம், வியர்வையைத் துடைத்துவிட்டு, பீப் சத்தம் வரும்வரை கையை ஒட்டி வைக்க வேண்டும். கீமோ நோயாளிக்கு ஆசனவாயில் வைக்கவே கூடாது, கீறல் விழுந்தால் அதுவே கிருமிக்கு வாசல்.

38 ஒரு தடவை காட்டினாலும் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி கொடுத்த சீட்டில் 37.5 என்று எழுதியிருந்தால் 37.5தான் எல்லை. காய்ச்சலே இல்லாமல் உடம்பு தூக்கிப் போட்டு நடுங்கினாலும் கிளம்ப வேண்டியதுதான். காலையில் கிளினிக் திறக்கட்டும், திங்கள்கிழமை அப்பாயின்ட்மென்ட் இருக்கிறதே என்ற பேச்சே கூடாது. அவள் தானாகக் கார் ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் கூட்டிப் போகட்டும், இல்லாவிட்டால் கிராப் வாடகைக் கார். மூச்சு வாங்கினாலோ பேச்சு குழறினாலோ 999. எமர்ஜென்சி கவுண்டரில் வெறும் "டெமாம்" (மலாயில் காய்ச்சல்) என்று சொன்னால் நம்பர் கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள். முதல் வாக்கியமே "சாயா பெசாக்கிட் கீமோ, ஹாரி கெசெபுலுஹ், டெமாம்" என்று இருக்கட்டும். கீமோ, எத்தனையாவது நாள், காய்ச்சல் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. வந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரிந்த விதி. கூடப் போகிறவர் கூச்சப்படாமல் இரண்டாவது தடவையும் எழுந்துபோய்ச் சொல்ல வேண்டும்.

கோலாலம்பூரில் இருந்துகொண்டு டெங்கியை மறக்க முடியாது. டெங்கியாக இருக்கும், ரெண்டு நாள் பார்க்கலாம் என்று நினைப்பதும் தப்பு, கீமோ காய்ச்சல்தானே என்று டெங்கியை விட்டுவிடுவதும் தப்பு. இரண்டும் வெள்ளணுவையும் பிளேட்லெட்டையும் இறக்கும், பிரித்துச் சொல்வது ரத்தப் பரிசோதனைதான். அதுவரை பொன்ஸ்தான், புருபென், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரை எதையும் ஒருவருக்கொருவர் கொடுக்காதீர்கள். பிளேட்லெட் குறைந்த உடம்பில் ரத்தக்கசிவு கூடும்.

இனிமேல் ஆளுக்கு ஒரு தாள் எழுதுங்கள். மருந்தின் பெயர், கடைசியாகப் போட்ட தேதி, அறுவை எந்தப் பக்கம், ஒவ்வாத மருந்து, சர்க்கரை, பிரஷர், தினமும் விழுங்குகிற மாத்திரை, ஆஸ்பத்திரிப் பதிவு எண், வீட்டில் யாரைக் கூப்பிட வேண்டும். படம் எடுத்துப் புலனத்தில் மேலே பொருத்தி வையுங்கள். ஏன் என்றால், நோய்க்குப் பெயர் ஒன்றுதான், ஐந்து பேரின் மருந்தும் வேறு. ரவாங் அக்காவுக்கு ஏ.சி. (டாக்ஸோருபிசினும் சைக்ளோபாஸ்பமைடும் சேர்ந்த கீமோ), கெப்போங் தங்கச்சிக்கு வாரா வாரம் பாக்லிடாக்சல், கிள்ளான் அக்காவுக்கு லெட்ரோசோல், உனக்குத் தமொக்சிபென். கிள்ளான் அக்காவுக்கு விரல் மூட்டு காலையில் பிடித்துக்கொள்வது அவள் மருந்தின் குணம், தங்கச்சிக்கு விரல் மரத்துப்போவது இவள் மருந்தின் குணம். ஒருத்திக்குக் கேட்டது இன்னொருத்திக்கும் கேட்கும் என்று மாத்திரையைக் கைமாற்றாதீர்கள். முக்கியமாக உனக்குச் சொல்கிறேன்: மனச்சோர்வுக்குக் கொடுக்கிற பராக்ஸிடின், ஃபுளுவாக்ஸிடின் இரண்டும் தமொக்சிபென் வேலை செய்வதைத் தடுக்கலாம். தூக்கம் வரவில்லை என்றால் டாக்டரிடம் தமொக்சிபென் சாப்பிடுவதைச் சொல்லித்தான் மருந்து கேட்க வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும் மறைக்காதே.

டாக்டரைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயங்களும் இருக்கின்றன. ஏ.சி. ஏறிய அன்றைக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும். டாக்ஸோருபிசின் மருந்தே சிவப்பு, ஒன்றிரண்டு நாளில் தெளிந்துவிடும். புதிதாகப் போட்டவள் ரத்தம் என்று நினைத்து ராத்திரி முழுக்க அழுவாள், முந்தின நாளே சொல்லிவைத்தால் அழமாட்டாள். குமட்டல் மாத்திரை ஒன்டான்செட்ரோன், கிரானிசெட்ரோன் மலத்தைக் கட்டிவிடும். மூன்று நாள் போகாமல் முக்கினால் ஆசனவாய் கிழியும், 10ஆம் நாள் அதுவே தொற்றாகும். கீமோ அன்றைக்கே மலத்தை இளக்குகிற லாக்டுலோஸ் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். எனிமாவும் வேண்டாம், ஆசனவாயில் வைக்கிற மாத்திரையும் வேண்டாம். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை காலையில் விழுங்க வேண்டியது, சாயங்காலம் விழுங்கினால் ராத்திரி கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். சர்க்கரை இருப்பவருக்கு அந்த மாத்திரை மத்தியானத்துக்கு மேல் சர்க்கரையை ஏற்றும். காலையில் வெறும் வயிற்றில் பார்த்து நன்றாக இருக்கிறது என்று ஏமாறக் கூடாது, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னும் பார்க்க வேண்டும்.

வாய்ப்புண்ணுக்கு: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடா. ஒரு நாளைக்கு நாலிலிருந்து ஆறு தடவை கொப்பளித்துத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்குங்கள். கடையில் விற்கிற சாராயம் கலந்த மவுத்வாஷ் எரித்துவிடும். இந்தத் தண்ணீரைப் புண் வருவதற்கு முன்னாலேயே தொடங்குவது நல்லது, புண் வந்த பிறகும் கொப்பளிக்கலாம்.

சாப்பாடு கொண்டுபோவதில் உங்களுக்கு ஆர்வம் அதிகம், கணக்கு குறைவு. குமட்டல் வருவது பெரும்பாலும் தாளிக்கிற வாசனையில். அதனால் அவள் வீட்டு அடுப்படியில் போய்ச் சமைக்காதே, உன் வீட்டில் சமைத்து ஆறவைத்துக் கொண்டுபோ. பெரிய தூக்குச்சட்டி வேண்டாம், ஒருவேளைக்கு ஒன்றாகச் சின்ன டப்பாக்கள் போதும், மூடியில் தேதி. நம் ஊர் வெக்கையில் தேங்காய்ச் சட்னி இரண்டு மணி நேரம் வெளியில் இருந்தால் அவளுக்குக் கொடுக்காதே. கோப்பிக்கடை அரை வேக்காட்டு முட்டை, பச்சை உலாம் கீரை, வெட்டி வைத்த பழம், கடைத்தெருப் பசெம்பூர் சாலட் எல்லாம் வெள்ளணு எண்ணிக்கை ஏறும்வரை தள்ளி இருக்கட்டும். வாயில் இரும்புச்சுவை அடித்தால் பிளாஸ்டிக் கரண்டி, கொஞ்சம் எலுமிச்சை. உனக்கு மூக்கொழுகினால் அன்றைக்கு உன் முறையாக இருந்தாலும் உள்ளே போகாதே, டப்பாவை வாசல் கேட்டில் மாட்டிவிட்டுப் போன் பண்ணு.

"என்ன உதவி வேண்டும் சொல்லு" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். யாரும் சொல்லமாட்டார்கள். "செவ்வாய் 8 மணிக்கு ரத்தம் எடுக்க நான் கூட்டிப் போகிறேன்" என்று சொல்லுங்கள்.

ரத்தம் எடுத்த அன்றைக்கே எண்ணிக்கை போதவில்லை, ஒரு வாரம் தள்ளிப் போடுகிறோம் என்று திருப்பி அனுப்புவார்கள். இதில்தான் பெண்கள் உடைந்துபோகிறார்கள், தாங்கள் ஏதோ சரியாகச் சாப்பிடாததால் வந்தது என்று நினைக்கிறார்கள். மஜ்ஜை இன்னும் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். பப்பாளி இலைச் சாறு குடி என்று யாராவது சொல்வார்கள், டெங்கியில் பிளேட்லெட்டுக்காகச் சொல்லப்படுவது அது, நியூட்ரோபிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டாக்டர் வெள்ளணுவை ஏற்றுகிற ஃபில்கிராஸ்டிம் ஊசி எழுதினால் மருந்தகத்திலிருந்து ஐஸ்பெட்டியில் கொண்டுவர வேண்டும். ஐஸ் நேரே படாமல் துண்டில் சுற்றி, வீட்டில் 2லிருந்து 8 டிகிரியில், குளிர்பெட்டிக் கதவில் இல்லாமல் நடுத்தட்டில். உறைய விடக் கூடாது. போடுவதற்கு அரை மணி முன்னால் வெளியே எடுத்து வைக்கட்டும், குலுக்கக் கூடாது. மறுநாள் இடுப்பும் தொடையும் எலும்போடு வலிக்கும். மஜ்ஜை வேலை செய்கிற வலி அது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் பனாடோல் போடுவதற்கு முன்னால் தெர்மாமீட்டர்.

மூலிகை விஷயத்தில் நான் கண்டிப்பு. சாபா பாம்புப்புல், டூரியான் பெலாண்டா (முள் சீதா) இலை, கச்சிப் பாத்திமா, சீன மருந்துக்கடை டாங் குவாய், எல்லாம் நல்ல மனசோடுதான் வருகிறது. ஆனால் கச்சிப் பாத்திமாவிலும் டாங் குவாயிலும் பெண் ஹார்மோன் போல வேலை செய்கிற பொருள்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள், உன் கட்டி ஹார்மோன் ஏற்பி பாசிட்டிவ் (பெண் ஹார்மோனால் வளர்கிற வகை) என்றால் தொடாதே. டூரியான் பெலாண்டாவில் நரம்பைப் பாதிக்கிற பொருள் இருக்கிறது. ஏற்கெனவே நரம்பு மரத்துக்கொண்டிருக்கிற கெப்போங் தங்கச்சிக்கு யார் அதைக் கொடுத்தது? அவள் கால் எரிச்சலை அடுத்த ஊசிக்கு முன்னால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். சொன்னால் அளவைக் குறைப்பார்கள், மறைத்தால் நிரந்தரமாகிவிடலாம். சட்டைப் பொத்தான் போட முடிகிறதா, காலில் செருப்பு நழுவுவது தெரிகிறதா என்று கேளுங்கள், "எப்படி இருக்கே" என்று கேட்டால் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வாள்.

நியூயார்க்கில் டெரீஸ் லாசர் என்ற பெண் தனக்கு மார்பகம் எடுத்த பிறகு மற்ற நோயாளிகளைப் போய்ப் பார்க்க ஆரம்பித்தார், 1952இல். ரீச் டு ரெகவரி என்று பெயர். அவர் கையில் கொண்டுபோனது ஒரு ரப்பர் பந்து, ஒரு கயிறு, உள்ளே வைத்துக்கொள்ள ஒரு தற்காலிக மார்பகம். பந்து கையைப் பிசைய, கயிறு தோளை உயர்த்த. எனக்கு அந்தப் பந்தும் கயிறும் பிடிக்கும்.

பத்து கேவ்ஸ் அக்காவைப் பற்றி ஒன்று. அவளுக்கு நோய் எலும்புக்குப் பரவிவிட்டது, அவள் சிகிச்சைக்கு முடிவு தேதி கிடையாது. நீங்கள் சிகிச்சை முடிந்து மணி அடித்த படத்தையும் கேக் வெட்டிய படத்தையும் அதே குழுவில் போடும்போது அவள் ஒரு பூப்படம் போட்டுவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தாளாமே. அவளிடம் "பாசிட்டிவாக இரு" என்று சொல்லாதே, அவள் ஸ்கேன் தேதியை நினைவில் வைத்து முந்தின நாள் கூப்பிடு. முதுகு வலியோடு கால் தளர்ந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ அன்றைக்கே எமர்ஜென்சி, தண்டுவடம் நசுங்கும் அபாயம் அது. பல் பிடுங்குவதற்கு முன், எலும்பைப் பலப்படுத்துகிற ஊசி போட்டுக்கொள்வதைப் பல் டாக்டரிடம் சொல்லச் சொல், தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

கடைசியாக உன் இடது கை. அக்குளில் நெறி (நிணநீர் முடிச்சு) எடுத்த கை வாழ்நாள் முழுக்கக் கவனிக்க வேண்டியது. வீட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது கையுறை போடு, கொசுத் தைலம் தடவு, நகக்கண்ணை வெட்டாதே. சிவந்து சுட்டால் சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு இழு. கோட்டைத் தாண்டினாலும் தாண்டாவிட்டாலும் அன்றைக்கே டாக்டர், அது ஆன்டிபயாட்டிக் வேண்டிய தொற்று. சிவப்பில்லாமல் கனத்து, மோதிரமோ வளையலோ இறுகினால் டேப்பால் சுற்றளவை அளந்து பார். முழங்கை மடிப்பிலிருந்து மேலே 10 செ.மீ., கீழே 10 செ.மீ., இரண்டு கையிலும், எப்போதும் காலையில், ஒரே இடத்தில். வலக்கைக்காரருக்கு வலது கை இயல்பாகவே கொஞ்சம் பருமன், அதனால் உன் பழைய அளவோடுதான் ஒப்பிட வேண்டும். இரண்டு கைக்கும் வித்தியாசம் 2 செ.மீ. வந்துவிட்டால் பிசியோவிடம் காட்டுவதைத் தள்ளிப் போடாதே.

கடைசியாக ஜனவரியில்தான் அளந்தாய் என்று நினைக்கிறேன். நாலு எண்ணையும் நாளைக் காலையில் அனுப்பு, நோட்டில் நான் எழுதி வைத்த பழைய எண்கள் இங்கே இருக்கின்றன.

அன்புடன்,
அம்மா