பிளஸ் ஒன் போனால் பசிக்காதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்தால் அரசுப் பள்ளிகள் பற்றிப் பக்கம் பக்கமாகப் போடுகிறீர்கள். எந்த மாவட்டம் முதலிடம், எது கடைசி, தேர்ச்சி எத்தனை சதவீதம். அப்புறம் அடுத்த மே வரை பேச்சில்லை. சென்னையின் தெற்குப் புறநகரில், ஜிஎஸ்டி சாலையை ஒட்டிய ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் இருக்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம், தலைமை ஆசிரியருக்கு இருக்கும் தலைவலியே போதும்.

ஆறாவது முதல் பிளஸ் டூ வரை 2,000 பிள்ளைகளுக்கு மேல். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்களின் பிள்ளைகள், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்கள், அபார்ட்மென்ட் வாட்ச்மேன்கள், வீட்டு வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். கொரோனா சமயத்தில் ஃபீஸ் கட்ட முடியாமல் தனியார் பள்ளியிலிருந்து மாறி, திரும்பிப் போகாதவர்களும் உண்டு, என் மகளும் அதில் ஒருத்தி. ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் ஒன்பதாவதில் இருக்கிறான், ல, ள, ழ மூன்றையும் எங்கள் பிள்ளைகளைவிடச் சுத்தமாகச் சொல்கிறான்.

சுற்றுவட்டாரத்து உயர்நிலைப் பள்ளிகள் பத்தாவதோடு முடிந்துவிடுவதால், மேலே படிக்க நினைக்கிற பிள்ளைகளெல்லாம் இரண்டு பஸ் மாறி இங்கேதான் வந்து சேருகிறார்கள். ஏழு மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும், அதற்கு முன்பே அம்மா வேலைக்குப் போயிருப்பார், டிபன் பாக்ஸ் கட்ட யார் இருக்கிறார்கள்?

மதியம் பெல் அடித்ததும் பத்தாவது வரை உள்ளவர்கள் தட்டோடு வரிசையில் நிற்பார்கள். பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்குச் சத்துணவு கிடையாது. வேப்பமரத்தடியில் ஒரு டப்பாவை நான்கு பேர் பிரித்துச் சாப்பிடுவதை நானே பார்த்திருக்கிறேன். எட்டாவது படிக்கும் ஒரு பையன் தன் முட்டையை இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியை பிளஸ் ஒன் படிக்கும் அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். அவள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, சட்டென்று வாயில் போட்டுக்கொண்டாள்.

1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டே வருடத்தில் பத்தாவது வரை வந்தது. அந்தக் கோட்டிலேயே இன்னும் நிற்கிறது. 2022-ல் தொடங்கிய காலை உணவு ஐந்தாவது வரைதான். அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போனால் பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் வருகிறது, மருத்துவத்தில் 7.5 சதவீத இடமும் இருக்கிறது. எல்லாம் நல்ல திட்டங்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் பத்தாவது வரை சோறு, கல்லூரியில் பணம், நடுவில் இந்த இரண்டு வருடம் மட்டும் எப்படி யார் கண்ணிலும் படாமல் போனது?

சமையல்கூடம் அதே வளாகத்தில்தான் இருக்கிறது. புதிதாக ஒன்றும் கட்ட வேண்டாம், அரிசி, பருப்பு, முட்டை ஒதுக்கீட்டைக் கூட்டி, சமைக்க இன்னும் இரண்டு மூன்று பேரைப் போட்டால் போதும். எங்கள் குழுவில் தீர்மானம் போட்டு அனுப்பிவிட்டோம், இதுவரை பதில் இல்லை.

அடுத்த முறை ரிசல்ட் அன்றைக்கு வேண்டாம், ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை மதியம் உங்கள் நிருபரை இந்தப் பக்கத்துப் பள்ளி ஏதாவது ஒன்றுக்கு அனுப்புங்கள், பெல் அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பாக.

இப்படிக்கு,
ஒரு பிளஸ் ஒன் மாணவியின் தகப்பன்