ஒப்பந்தத்தில் ஊழியர்களின் நேரத்தையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு பல்கலைக்கழகங்கள் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டதாக அடிக்கடி செய்தி வருகிறது. கையெழுத்தான பிறகு வேலை எங்கே போய் விழுகிறது என்று யாரும் எழுதுவதில்லை. ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் இருப்பவன் என்பதால் நான் எழுதுகிறேன்.

ஒப்பந்தப்படி வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டர் படித்துவிட்டு வரும் மாணவரின் மதிப்பெண் பட்டியல் எங்கள் மேசைக்குத்தான் வரும். படிப்பின் அளவைக் கிரெடிட் என்ற புள்ளிகளில் கணக்கிடுவார்கள். ஐரோப்பிய முறையில் ஓராண்டுப் படிப்புக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. எங்கள் கணக்கு வேறு. எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று துறைத்தலைவர் எழுதித் தர வேண்டும், பாடத்திட்டக் குழு ஏற்க வேண்டும், அப்புறம்தான் நாங்கள் பதிவேற்ற முடியும். இந்த வேலை யாருடைய பணிப் பட்டியலிலும் இல்லை. இதனால் மற்ற சான்றிதழ்கள் தள்ளிப்போகும். ஆண்டு மதிப்பீட்டில் அந்தத் தாமதம் மட்டும் எங்கள் பெயரில் ஏறும். ஆசிரியர்களின் நிலைமையும் இதுதான். நேர வித்தியாசத்தால் இரவில் நடக்கும் கூட்டங்கள், கூட்டாக வழிநடத்தும் ஆய்வு மாணவர்கள், எதுவும் வகுப்பு நேரக் கணக்கில் சேராது.

அதற்காகக் கூட்டுறவே வேண்டாம் என்பதில்லை. ஒருமுறை கூட்டாளிப் பல்கலைக்கழகத்தின் பதிவேட்டுப் பிரிவிலிருந்து ஒரு அம்மா வந்து சில நாள் எங்களோடு உட்கார்ந்தார். மாணவர் கிளம்பும் முன்பே ஈடான பாடங்களின் பட்டியலில் இரு தரப்பும் கையெழுத்திட்டுவிடும் வழக்கத்தை அவரிடம்தான் கற்றோம். தேங்கிக் கிடந்த கோப்புகள் நகர்ந்தன. துணைவேந்தர் அறைக்குள் போகவே தயங்கிய எங்கள் இளம் உதவியாளர்கள், இப்போது வெளிநாட்டுக்கு நேராகப் பேசிச் சந்தேகம் தீர்த்துக்கொள்கிறார்கள்.

1987இல் மாணவர் பரிமாற்றமாகத் தொடங்கிய, ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் திட்டத்தில் இன்று அலுவலக ஊழியர்களும் பயிற்சிக்குப் போகலாம். அப்படிப் போய்ச் செய்யும் பணிக்கு உரிய அங்கீகாரம் தருவதாக, சேரும் கல்வி நிறுவனங்கள் எழுதியே கொடுக்கின்றன. மற்ற ஒப்பந்தங்களிலும் இது இருக்க வேண்டும்.

கையெழுத்திடும் முன் ஒரு பக்கம் சேருங்கள்: இந்த வேலையை யார் செய்வார், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், அதற்கு ஈடாக அவரிடமிருந்து எந்த வேலை எடுக்கப்படும். மதிப்பீட்டுப் படிவத்திலும் இதற்கு ஒரு கட்டம் வேண்டும். அந்தப் பக்கத்தை நிரப்ப முடியாத ஒப்பந்தத்தைத் தள்ளிவைக்கலாம்.

இப்படிக்கு,
தேர்வுப் பிரிவு ஊழியர் ஒருவர்